அண்ணாச்சி அடுக்களைக்குள் போன புகை

அந்தச் சாரல் வாரம் நான் தென்காசிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தது அருவியில் குளிக்க அல்ல, ஒளிந்துகொள்ள. கொதிக்கும் வாயு பாயும் உலோகத்தின்மேல் குளிர்ந்த காற்றை மெல்லிய போர்வையாகப் படரவிட்டு, அது உருகாமல் காப்பதுதான் என் ஆராய்ச்சி. ஓட்டத்தில் கொந்தளிப்பு இருந்தால் போர்வை கிழிந்துபோகும். என் சோதனைகளில் ஒன்றில் மட்டும், போகப் போகக் குறுகும் குழாயில், அதே கொந்தளிப்போடு தொடங்கியும் போர்வை கடைசிவரை கிழியவில்லை. கருவிக் கோளாறாக இருக்கும் என்றார் என் ஆய்வேட்டின் தேர்வாளர். நான் வந்த மறுநாள் காலை வீடியோ அழைப்பில் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஓராண்டு வேலை மறுபடி முதலிலிருந்து.

வேகம் கூடினால் கொந்தளிப்பும் கூடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். படித்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். பயத்தில் மூளை மழுங்கிக் கிடந்தது.

மதினி விடவில்லை. ஐந்தருவிக்கு இழுத்துப்போய்க் குளிக்கவைத்து, தலைகாய சாம்பிராணி போட்டாள். வீட்டுக்குள் புகைத்தால் அண்ணனுக்கு இழுப்பு வரும். அதனால் சட்டியைப் பக்கத்துச் சந்தில் வைத்தாள். எங்கள் முனையில் அகலமாகத் தொடங்கும் சந்து, ஓய்வுபெற்ற போலீஸ்காரரான பக்கத்துவீட்டு அண்ணாச்சியின் அடுக்களை ஜன்னலில் முடியும்போது ஆள் நுழையாத அளவு குறுகிவிடும்.

பத்து நிமிடத்தில் அண்ணாச்சி வந்து நின்றார்.

"ஏட்டி, உங்க புகை சிதறாம அப்படியே எங்க அடுக்களைக்குள்ள வருது! ரசத்துல சாம்பிராணி வாசம் அடிக்கி!"

"இத்தன நாள் வரலியே அண்ணாச்சி?" என்றாள் மதினி.

"இத்தன நாள் உன் வீட்டுக்காரன் ஸ்கூட்டர் நடுவுல நின்னுச்சு. இன்னைக்கி எடுத்துட்டுப் போயிட்டாம்லா?"

என் குழாயும் இப்படித்தானே குறுகுகிறது! ஓடிப்போய்ப் பார்த்தேன். சாரல் காற்று சந்துக்குள் குறுகக் குறுக வேகம் பிடிக்க, புகை சுவரைக் கட்டிக்கொண்டு வழுக்கிப் போனது. வாசலில் கிடந்த பழைய சைக்கிளை நடுவில் நிறுத்தினேன், புகை பிய்ந்து பறந்தது. எடுத்தேன், மறுபடி வழுக்கியது. நிறுத்தினேன், எடுத்தேன். மதினி வீடியோ எடுத்தாள். கோபத்தில் வந்த அண்ணாச்சியே "இப்ப எடு! இப்ப வை!" என்று கட்டளையிடத் தொடங்கினார். சந்தோஷம் தாங்காமல் ஈரத்தலையோடு குதித்தேன்.

"என்னட்டி பேய் பிடிச்சவ மாதிரி சிரிக்குத?" என்றாள் மதினி.

சந்துப்புகை எதையும் நிரூபிக்காது. ஆனால் எங்கே தேடவேண்டும் என்று காட்டிவிட்டது. பழைய அளவுகளைத் திறந்தேன். குழாய் குறுகக் குறுக, ஓட்டத்தின் கொந்தளிப்பு வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் அந்த அளவுகளை வரைபடமாகக் காட்டினேன். துணைக்கு வீடியோவையும் ஓட்டினேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இந்த வரைபடம் ஆய்வேட்டில் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். பின்னால் கத்துகிறாரே, அவர் யார்?"

"எனக்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடித்தவர், சார்."

செய்தியைச் சொல்ல ஓடினேன். அண்ணாச்சி புகையைத் தடுக்க அடுக்களை ஜன்னலுக்கு அட்டை அடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அப்ப உனக்கு இன்னும் புகை வேணுமாட்டி?" என்று கேட்டுவிட்டு, அடித்த ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தார்.