அவர் கேட்காத அறை

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்துக்கு முன்பே சீதன வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயரில் எழுதி முடிந்துவிட்டது. அவர் என் வீட்டுக்கு வந்து பதினொரு வருடம் இருந்தார். போன தை மாதம் துறைமுகத்தடியில் வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

விவாகரத்து வழக்குப் போட ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனேன். பிள்ளை இல்லை என்றதும், அப்படியென்றால் சுலபம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு சொத்துகளைச் சொல்லச் சொன்னார். அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகச் சொன்னேன். பின்னறை என்றதும் பேனையை நிறுத்தினார்.

அதை அவர்தான் கட்டினார். துறைமுக வேலை முடிந்து வந்து, பின்னேரங்களில் தன் கையால் கல் வைத்தார். தொட்டில் போடுவதற்கென்று எழுப்பிய அறையில் கடைசியில் உடைந்த கதிரைகளைப் போட்டு வைத்தோம். அதில் அவர் கட்டாயம் பங்கு கேட்பார் என்றார் சட்டத்தரணி. கேட்டுப் பார்க்கட்டும் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மையில் அவர் கேட்க வேண்டும் என்று தவித்தேன். ஒரு சுவருக்காகவாவது என்னோடு மல்லுக்கட்டட்டும். வாய் ஓயாத எனக்கு வீட்டில் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. குசினியில் தனியே நின்று வானொலியோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

வழக்குக்கு அவருடைய பதில் வந்தது. அந்த வீட்டில் தனக்கு உரித்து எதுவும் இல்லை என்று கையெழுத்து வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு மிச்ச உடுப்புகளை எடுக்க வந்தார். கேற் திறந்துதான் கிடந்தது. வெளியிலேயே நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பின்னறையை நீங்கள்தானே கட்டினனீங்கள். அதையாவது கேட்டிருக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை.

"கட்டேக்குள்ள என்ர வீடு எண்டு நினைச்சுத்தான் கட்டினனான். இல்லையெண்டு நீதான் ஒவ்வொரு சண்டையிலயும் சொன்னனீ."

ஓம், சொன்னேன். இது என்ர வீடு, விருப்பமில்லாட்டி வெளிக்கிடுங்கோ என்று சொன்னேன். சீதன வீட்டுக்காரிகளுக்குக் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவது அதுதான். சொல்லிவிட்டு, அரை மணித்தியாலத்தில் அவருக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுப்பேன். நான் மறந்துவிடுவேன். அவரும் மறந்துவிடுவார் என்றே பதினொரு வருடமும் நினைத்திருந்தேன்.

கேற்றுக்கு வெளியில் நின்றபடியே, உள்ளே வரலாமா என்று கேட்டார்.