ஆட்டுப்பட்டியிலிருந்து வந்த பெயர்

உடுப்புத் திருத்துகிற கடையில் நிற்கிற உங்களுக்கும் தெரியும், கால்சட்டையைக் கட்டையாக்குவது சுலபம், கொண்டுவந்தவரின் பெயரை ரசீதுத் துண்டில் எழுதுவதுதான் கரைச்சல்.

அப்பாவின் பெயரா?

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் கடைக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கோட் கொண்டுவந்தார். ஆர்தர் வெதர்ஃபோல்ட் என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஆட்களின் வழக்கத்தை நினைத்து, வெதர்ஃபோல்ட் உங்கள் அப்பாவின் பெயரா என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு கோபிப்பாரோ என்று பயம். அவர் சிரித்தார். அப்பா, பாட்டன், அதற்கு முந்தினவர்கள் எல்லோருக்கும் அதுதானாம். வெதர் என்றால் காயடித்த கிடாய், ஃபோல்ட் என்றால் பட்டி. பட்டியடியில் குடியிருந்தவனை ஊரார் அப்படிக் கூப்பிட, அது பரம்பரைக்கே ஒட்டிக்கொண்டது.

"முதல் ஆள் ஆடு அடைத்தான். அதற்குமேல் நாங்கள் பெரிதாக முன்னேறவில்லை."

வயலில் ஒரு மேடு

கோட் எடுக்க வந்தபோது மிச்சத்தையும் சொன்னார். அந்தக் கிராமமே இப்போது இல்லை. கொள்ளைநோயில் அழிந்து, வயலுக்குள் வெறும் மேடாகக் கிடக்கிறதாம். தப்பிய ஒரு குடும்பம் பெயரை மட்டும் லண்டனுக்குக் கொண்டுவந்தது. இவர் தேவாலயம் தேவாலயமாகக் கல்லறைகளில் தேடிப் பார்த்தும், உயிரோடு மிஞ்சியது தானும் ஒரே மகளும்தான் என்றார். மகளுக்குக் கல்யாணம் வருகிறது, மாப்பிள்ளை ஸ்மித், அவளும் இனி ஸ்மித். அதோடு பெயர் முடிந்தது.

வீடுவாசலை விட்டு ஓடிவந்தவள் நான். ஒரு பெயரை இத்தனை தலைமுறை கைநழுவாமல் தூக்கி வந்திருக்கிறார்களே என்று மலைத்துப்போனேன். அன்று முழுக்க அதே புலம்பல். கடை முதலாளி மல்லிகா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"உன்ர பிள்ளையளுக்கு உன்ர மனுசன்ர பேர், பேரப்பிள்ளையளுக்கு வேற பேர். அதுக்கு ஆரடி அழுதது?"

மாப்பிள்ளையின் கால்சட்டை

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையே கல்யாண சூட்டோடு வந்தார். பெயர் கேட்டேன். வெதர்ஃபோல்ட் என்றார். பெண்ணின் பெயர் வேண்டாம், உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். கல்யாணத்தோடு தன் பெயரும் அதுதான், மாமனாருக்கு அன்றைக்குத்தான் சொல்லப்போகிறோம், வாய்விட்டுவிடாதீர்கள் என்றார். எனக்குப் பேனா ஓடவில்லை. உங்கள் அப்பா ஏசவில்லையா என்று கேட்டேன்.

"அப்பாதான் சொன்னார், நாட்டில் ஒரு ஸ்மித் குறைந்தால் யாருக்கும் தெரியாது என்று."

கிழவர் அதன்பிறகு இரண்டு சட்டை கொண்டுவந்தார் என்பதால், கல்யாணம் முடியும்வரை என் வாயைத் தைத்து வைத்திருந்ததுதான் இந்தக் கடையில் நான் போட்ட மிகக் கஷ்டமான தையல்.