கன்றுக்கு விட்ட காம்பு

அக்கா பிறந்தது வள்ளியூருக்குக் கிழக்கே பனை மட்டும் விளையும் ஒரு சிற்றூரில். வாழ்ந்து முடித்தது திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றங்கரையில். அவருடைய முதலாண்டு நினைவுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அக்கா மகள் கேட்டபோது, ஏழாம் வகுப்போடு நின்றவன் என்ன எழுதுவது என்றேன். “கடைசி பன்னிரண்டு நாள் அம்மாகூட இருந்தது நீங்கதானே மாமா” என்றாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அவளுக்குப் பிரசவமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. பெங்களூரிலிருந்து வர முடியவில்லை.

எங்கள் அப்பா கட்டட வேலைக்காக இங்கே வந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டார். அக்கா பத்து வயதில் உலை வைத்தார், பன்னிரண்டில் செங்கல் சுமந்தார். என்னை வளர்த்தவர் அவர்தான். நான் பதின்மூன்றில் ஓடிப்போனேன். கொல்லத்தில் ஹோட்டல், மங்களூரில் ஐஸ் கம்பெனி, பிறகு லாரி. எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. பசித்தால் கரமனைக்கு வருவேன். எங்கே போயிருந்தாய் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. தட்டை வைப்பார்.

அத்தான் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு அக்கா மாடு வாங்கினார். பதினைந்து வருடம் மாட்டை வைத்தே மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். அக்கிரகாரத்தில் ஏழு வீடுகளுக்குப் பால் ஊற்றினார். பாலில் சின்னச் சந்தேகம் வந்தாலும் ஏழு வீட்டுக்கும் நடந்துபோய், இன்று பால் இல்லை என்று சொல்லிவிட்டு வருவார்.

போன வருடம் இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தகவல் கிடைத்து நான் வந்தேன். பக்கத்து வீட்டுச் சேச்சி அக்காவுக்குத் துணையிருந்தார். அக்கா என்னிடம் வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்று கேட்டார்.

“செவலை மாட்டப் பாத்துக்கோடா. மூணு காம்பு கற. பின்னால வலப்பக்கம் கன்னுக்குட்டிக்கு. அதக் கறக்காதே.”

கறக்கத் தெரியும். சொன்னபடியே செய்தேன். தொழுவத்து ஆணியில் ஒரு கறுப்புத் துணி தொங்கியது. அதில் கை துடைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் செவலை கன்றை உதைத்துத் தள்ளியது. ஐந்தாம் நாள் புல்லைத் தொடவில்லை. பின்கால்களை அகட்டி நின்றது. கன்று பகலெல்லாம் கத்தியது. பால் வாங்கும் வீட்டு மாமி தொழுவத்துக்கே வந்து பார்த்தார்.

“உங்கக்காவைத் தேடறதுடா. பதினஞ்சு வருஷத்துல ஒரு நாள் விட்டுப் பிரிஞ்சிருப்பாளா? வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பாசம் உனக்கு இருந்திருந்தா வீட்டோட இருந்திருப்பே.”

சரிதான் என்று எனக்கும் பட்டது. மாட்டின் கழுத்தைத் தடவி, அக்கா வந்துவிடுவார் என்று சொன்னேன். தெருவில் இரண்டு பேர் கண் கலங்கினார்கள்.

ஆறாம் நாள் இதை அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். “உன்னத் தேடுது அக்கா. தின்ன மாட்டேங்குது. கன்ன உதைக்குது.”

அக்கா தலையணையிலிருந்து எழுந்தார்.

“மாடு என்னை எதுக்குடா தேடுது? கன்னுக்குட்டி காம்பத் தொட்டுப் பாத்தியா? கறுப்புத் துணியில பீச்சிப் பாத்தியா?”

“பாத்தேன்” என்றேன். பார்க்கவில்லை.

அந்தத் துணி எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் நான்கு காம்பிலிருந்தும் முதல் பீச்சலை அதில் விட்டு, திரி, அதாவது பால் கட்டி, இருக்கிறதா என்று அக்கா பார்ப்பாராம். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து கை வைத்தேன். பின் வலப்பக்க மடி கல்லாக இருந்தது, சுட்டது. பீச்சினால் மஞ்சள் தண்ணீரும் தயிர்த் திரியும் வந்தன. மாட்டு டாக்டர் வந்து மடியைப் பார்த்தார்.

“அகிடு வீக்கம், மடிநோய். எத்தர திவசமாயி?”

“ரெண்டு மூணு நாள் இருக்கும் சார்.”

“அன்னைக்கே விளிச்சிருந்தா ஒரு காம்போட போயிருக்கும். இப்ப விஷம் உடம்புல ஏறியாச்சு. எல்லாப் பாலையும் கறந்து கொட்டணும். ஒருத்தருக்கும் கொடுக்கண்டா.”

ஊசி போட்டார், காம்புக்குள் மருந்து ஏற்றினார். நான் ஏழு வீட்டுக்கும் நடந்துபோய்ப் பால் இல்லை என்று சொன்னேன்.

ஏழாம் நாள் அக்கா சொன்னார்: “அந்தக் காம்புப் பால ஒரு பாட்டில்ல கொண்டா. நான் பாக்கணும்.”

கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார், முகர்ந்தார்.

“திரி இல்ல. நல்லாருக்கு. நீ கூடப் பொறுப்பா இருப்பேன்னு நெனைக்கல. இனிமே கன்னுக்குட்டிய அதுல விடு.”

ஒன்பதாம் நாள் செவலை படுத்தது. மடி நீலமாகிக் குளிர்ந்திருந்தது. பத்தாம் நாள் உச்சிப் பொழுதில் இறந்தது. அன்று மாலையும் அக்கா கேட்டார். நன்றாக இருக்கிறது, கன்று குடிக்கிறது என்றேன். பன்னிரண்டாம் நாள் காலை அக்கா போய்விட்டார்.

இரவும் பகலும் அக்கா பக்கத்தில் இருந்த சேச்சிக்கும், மூன்று நாள் தொடர்ந்து தொழுவத்துக்கு வந்த டாக்டருக்கும், செவலையைப் புதைக்கக் குழி வெட்டிய ஆற்றங்கரைக்காரர்களுக்கும், கன்றுக்குப் பாக்கெட் பால் காய்ச்சி ஆற்றிக் கொடுத்த மாமிக்கும், அக்காவைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கன்று இப்போது என்னிடம் வளர்கிறது. துணியைத் துவைத்து அதே ஆணியில் போட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை வாசிக்கும்வரை அக்கா மகளுக்கும் தெரியாது. அந்தப் பாட்டிலில் நான் கொண்டுபோனது முன் காம்புப் பால்.