நூறுக்குக் கீழே ஓர் எண்

ஃபுகுஷிமா அணு உலை வெடித்த அடுத்த நாளே டொகிவா குனிஹிகோ தன் மனைவி மிசாவோவையும் நான்கு மாத மகள் சுஸுனேயையும் வடக்கே அகிதாவுக்கு, மிசாவோவின் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எட்டு வருடம் காத்திருந்து பெற்ற குழந்தை. அவளுடைய துவாலையை அவர் துவைக்கவேயில்லை. அதில் இன்னும் பால் வாடை இருந்தது.

எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் அவருக்கு வேலை. தினமும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். தண்ணீரில் கலந்த கதிரியக்க அயோடினின் அளவு வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கீழே தன் பெயர் பொறித்த சிவப்பு முத்திரையைக் குத்துவார். இந்த நெருக்கடிக் காலத்துக்கு, லிட்டருக்கு முந்நூறு பெக்கரெல் வரை பெரியவர்கள் குடிக்கலாம். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க நூறைத் தாண்டக் கூடாது.

நூற்றெழுபது. நூற்று நாற்பத்தொன்று. நூற்றுப் பதினெட்டு. ஒருநாள், தொண்ணூற்றாறு.

கைக்குழந்தையை முதுகில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு அகெமி பலகையைப் படித்தாள்.

"டொகிவா-சான், முத்திரை கோணலா இருக்கே. காலையிலேயே சாகே குடிச்சீங்களா?"

"சந்தோஷத்துல அவசரமா குத்திட்டேம்மா."

"அப்ப மிசாவோவ வரச் சொல்லுங்க. அவ என்னிக்கு இந்தத் தண்ணியில கலக்கிக் குடுக்கிறாளோ, அன்னிக்கு நானும் குடுக்கிறேன்."

மதியம் மனைவிக்குப் போன் செய்தார்.

"நூறுக்குக் கீழ வந்துடுச்சு, மிசாவோ."

"ஒண்ணு கேக்கறேன். உங்க கையால கலக்கி அவ வாயில வைப்பீங்களா?"

வைக்கலாம், பயமில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னவர்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அயோடின் எட்டு நாள்ல பாதியாயிடும்."

"அவ சத்தமா சிரிக்க ஆரம்பிச்சிட்டா. நீங்கதான் இன்னும் கேக்கல."

"போனை அவ பக்கத்துல வை."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

வேலை முடிந்ததும் நேராக அகெமி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நான் அவங்கள இன்னும் கூப்பிடல."

"அப்ப பலகையில இருக்கிறது பொய்யா?"

"எண்ணு நிஜம். குடுக்கலாம்ங்கறதும் நிஜம். எனக்குத்தான் மனசு வரல. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு வந்தேன்."

அகெமி முதுகுக் கட்டை அவிழ்த்துக் குழந்தையை இறக்கினாள்.

"கொஞ்சம் பிடிங்க. கடையில வாங்கின பாட்டில் தண்ணியிலயே இவளுக்குப் பால் கரைச்சிட்டு வந்துடறேன்."

குழந்தை அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பால் கரைந்து வெகுநேரம் ஆகியும் அவர் அவளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அகெமியும் கேட்கவில்லை.