பங்கர் மேல் மொட்டுகள்

இந்தக் கோடையில் குரங்குகளின் தொல்லை தாங்க முடியவில்லை. செவ்வரத்தை மொட்டுகளைக் கடித்து வேலியடியில் துப்பிவிட்டுப் போகின்றன. இன்று காலை அவற்றைப் பொறுக்கியபோது விரலில் பச்சை வாசம் ஒட்டியது.

அது அம்மாவின் விரல் வாசம். நான் சிறுமியாக இருந்தபோது, விமானக் குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய பங்கர் மேல் போட்ட மண் சரியாமலிருக்க அவர் பட்டிப்பூச் செடிகள் நட்டிருந்தார். ஆனால் விடிந்ததும் மொட்டுகளையெல்லாம் கிள்ளிவிடுவார்.

"ஒண்டையாவது பூக்க விடுங்கோ அம்மா."

"பூத்தால் பிளேன்காரனுக்கு மேலயிருந்து தெரியும், பிள்ளை."

குரங்குகளுக்குத் தப்பிய மொட்டுகள் இன்று ஒன்றாக விரிந்து, வேலியே சிவந்து நிற்கிறது.

"எவ்வளவு வடிவு, பாருங்கோ அம்மா!" என்கிறாள் மகள்.

"ஓம்" என்கிறேன், வானத்தைப் பார்த்தபடி.