வழியில் சிந்திய தண்ணீர்

எனக்குக் கால்குலஸ் புரியவைத்தவரின் முகம் எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டுப்பாடக் கணக்குகளைப் போட்டு உதவி கேட்கும் ஓர் இணையத்தளத்தில், வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு எழுதுகிற ஆள். முதல் வாரம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

நான் கேட்டது விடை. அவர் தந்ததெல்லாம் கேள்வி. “இதுவரை என்ன செய்து பார்த்தாய்?” என்பார். செய்து பார்க்கத் தெரிந்தால் இவரிடம் எதற்கு வருகிறேன்? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். “விடை தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் வழியை விடுங்கள்” என்று ஒருநாள் எழுதியே விட்டேன். “விடை தெரியும். ஆனால் உன் தேர்வறைக்கு நான் வர முடியாதே” என்று பதில் வந்தது. சுருக்கென்று இருந்தது.

ஏனென்றால் நடந்தது அதுதான். பொறியியல் முதல் பருவத்தில் எல்லா வீட்டுப்பாடங்களையும் இணையத்தில் கிடைத்த விடைகளைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தேன். முழு மதிப்பெண். தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும் கை ஓடவில்லை, தோற்றுப்போனேன். மறுதேர்வு ஒன்று உண்டு, அதிலும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கம் என்று கடிதம் வந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து எங்கள் கேமரன் மலைக்கு வந்தேன். அம்மாவிடம் “லீவு” என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. அங்கே கைப்பேசிக்கு அலை எட்டாது. மேலே ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை இருக்கிறது. அங்கே போனால்தான் இரண்டு கோடு தெரியும். அதனால் தினமும் காலையில் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய், காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொள்வேன். எடை பார்க்கிற கிராணி என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்.

“என்னா பாப்பா, யூனிவர்சிட்டிய இங்கியே கொண்டாந்துட்டாங்களா?”

“ஆமா லா, நீங்கதான் புரொபசர்” என்பேன். அவர் சிரித்துக்கொண்டே தராசு முள்ளைத் தட்டிச் சரிபார்ப்பார்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த வாளிக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். நாற்பது கிலோ தண்ணீர் உள்ள ஓட்டை வாளி. கயிறு கட்டி முப்பது மீட்டர் மேலே இழுக்கிறார்கள். சீராக ஒழுகி, உச்சிக்கு வரும்போது பத்து கிலோ போய்விடுகிறது. வாளி, கயிறு இவற்றின் எடையை விட்டுவிடலாம். இழுக்க எவ்வளவு வேலை செய்ய வேண்டும்? நான் யோசிக்கவே இல்லை. நாற்பதில் பத்து கழிவு, மீதி முப்பது. முப்பது கிலோவை முப்பது மீட்டர் தூக்கினால் எண்ணாயிரத்து எண்ணூற்று இருபது ஜூல். தளத்தில் போட்டேன். தவறு என்றார்.

“முப்பது கிலோ எப்படி வந்தது?”

“சிந்திய தண்ணீரைக் கழித்துவிட்டேன்.”

“அது எப்போது சிந்தியது?”

இது என்ன கேள்வி? சிந்தியது சிந்தியதுதானே. கைப்பேசியைச் சாக்கின் மேல் குப்புறப் போட்டுவிட்டேன். இந்தக் கணக்கு வராவிட்டால் தேர்வும் வராது, பள்ளத்தில் இருக்கிற அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. கிராணி பார்க்கக் கூடாதென்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை என்றாலும் வேலை நிற்காது, பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்து வெட்டுவார்கள். கொஞ்சம் விட்டதும், கீழே சரிவில் அம்மா மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் இறங்கி ஓடினேன்.

“வாணாம்டி. நீ போயி படி. சட்ட நனஞ்சிரும்.”

“குடும்மா பேசாம.”

பிடுங்கித்தான் வாங்கினேன். மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு குனிந்து நடந்தேன். பத்து அடி வைப்பதற்குள் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. முதுகு, இடுப்பு, கால், கடைசியில் செருப்புக்குள். மேலே போகப் போகப் பாரம் குறைந்தது என்று சொன்னால் அது பொய், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் நிற்காமல் ஒழுகியது மட்டும் தெரிந்தது. பின்னால் அம்மா வழுக்கும் இடங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தராசில் வைத்தோம். கிராணி முள்ளைப் பார்த்தார், ஒரு கை கொழுந்தை எடுத்துப் பிழிந்து பார்த்தார். “ஈரம். அஞ்சு கிலோ கழிச்சிக்கிறேன்” என்றார். அம்மா தலையாட்டினார். மழைநாள் வழக்கம் அது, நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தண்ணீர் கொழுந்தாகாது, கழிப்பது நியாயம்தான். ஒருநாளும் அதை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அந்த வாளியைக் கிராணி மாதிரி எடை போட்டிருக்கிறேன். உச்சியில் வைத்து, ஈரத்தைக் கழித்து, மீதியை வைத்து வழி முழுவதற்கும் கணக்குப் போட்டுவிட்டேன். ஆனால் தண்ணீர் உச்சியில் சிந்தவில்லை. அடிக்கு அடி சிந்தியது. சிந்துகிற வரைக்கும் யாரோ அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஈரக் கையோடு நோட்டைத் திறந்தேன். முப்பது மீட்டரைச் சின்னச் சின்ன அடிகளாக வெட்டி, ஒவ்வோர் அடியிலும் அப்போது இருக்கிற எடையை வைத்துப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் போதும். ஒரு பருவம் முழுக்க நான் பார்த்து எழுதிய அந்த நீண்ட வளைந்த தொகையீட்டுக் குறி சொல்வது இவ்வளவுதான். பத்தாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு வந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தளத்தில் போட்டேன்.

“சரி” என்றார் அவர். “முதலில் ஏன் அப்படிக் கழித்தாய்?”

தராசு, ஈரக் கொழுந்து, கழிவு எல்லாவற்றையும் எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரே வரி வந்தது. “அங்கே சுமப்பது யார்?” “என் அம்மா” என்று எழுதினேன். அந்த வழி முழுவதும் அவர் சுமந்ததை நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு இறங்கும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். லீவு இல்லை, தோற்றுவிட்டேன், பத்து நாளில் மறுதேர்வு, அதிலும் போனால் அவ்வளவுதான். அம்மா நடையை நிறுத்தவில்லை. எனக்கு வருகிற கோபம் அவரிடமிருந்து வந்ததுதான், அதனால் அடிக்குக் காத்திருந்தேன்.

“இன்னிக்கு அந்தக் கொட்டாயில என்னாத்தயோ எழுதி எழுதி சிரிச்சியே, அது என்னா?”

வாளிக் கணக்கைச் சொன்னேன். தராசு காட்டுவதைவிட நீ அதிகம் சுமக்கிறாய், அந்தக் கணக்கு அதைத்தான் சொல்கிறது என்றேன்.

“இதுக்கா கேஎல்லுக்குப் போயி படிக்கணும்? கூடன்னு எனக்குத் தெரியும்டி. எவ்ளோ கூடன்னுதான் தெரியாது.”

“கீழயும் ஒரு தராசு வச்சாத்தான் சொல்ல முடியும்மா.”

“அப்ப பாஸ் பண்ணிட்டு வந்து வையி” என்றார். மறுநாள் காலையில் என்னை எழுப்பி, நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

தேர்வில் வாளி வரவில்லை. கிணற்றிலிருந்து மேலே சுற்றப்படும் ஒரு சங்கிலி வந்தது. ஓரத்தில் ஒரு சரிவு வரைந்துகொண்டு அடிக்கு அடி கூட்டினேன். மற்ற கேள்விகளில் தட்டுத் தடுமாறித்தான் எழுதினேன்.

தேறிவிட்டேன் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அழைத்தேன். உடனே எடுத்தார், அப்படியென்றால் கொட்டகையில்தான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

“இங்க நல்ல மழ” என்றார். “தராச எப்ப கொண்டாற?”