மூவர்ண ரிப்பன் கட்டிய மீன்

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் ஹெலனுக்கு வாசலோரம்தான் இடம். மேலே வெயில், கீழே தார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் வாங்கி வரும் மீனை வெட்டிக் கொடுக்கிறாள். பக்கத்து மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் நாட்டின் எந்த மூலையிலிருந்து யார் வந்து இறங்கினாலும், எந்த ஊர் என்று அவள் கேட்டதே கிடையாது. “எப்டி வெட்டணும்?” என்பாள். பதில் வந்ததும் மாநிலம் தெரிந்துவிடும். தலை முழுசாக, வயிறு தனி, முதுகு தனி என்றால் வங்காளம். சட்டிக்கு அடங்கும் சின்னத் துண்டு என்றால் கேரளம். கையகலத்துக்கு வட்டமாக என்றால் ஆந்திரா. ஆதார் அட்டையில் தப்பு இருக்கலாம், மீன் துண்டில் இருக்காது என்பது அவள் கட்சி. சைவ வீட்டிலிருந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அரைக் கிலோ வாங்கி வரும் ஒருவரை மட்டும் அவள் ஆராயவில்லை. அவர் வீட்டு நிம்மதி அவருக்கு.

ஒரே கஷ்டம் தண்ணீர். தெருமுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வரவேண்டும். முழங்கால் இரண்டும் எப்போதோ மல்லுக்கு நிற்க ஆரம்பித்துவிட்டன. இந்த நேரத்தில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தீனதயாளன் வந்தார். அச்சரப்பாக்கத்துக்காரர். மைக் கிடைத்தால் சோறு வேண்டாம். குடியரசு தினத்தன்று மூன்று மாநில மீன் குழம்போடு ஒற்றுமை விருந்து வைக்கப்போவதாகச் சொன்னார். ஹெலன் மீனை வெட்டி அனுப்ப வேண்டும். எல்லாம் நல்லபடி முடிந்தால், குடியிருப்பின் கேட்டுக்கு உள்ளேயே கூரை போட்ட இடம், கூடவே ஒரு குழாய். குழாய் என்று கேட்டதும் ஹெலன் தலையாட்டிவிட்டாள்.

வழக்கமாக அவள் பைகளுக்கு அடையாளம் வைப்பாள். வங்காளத்துக்குச் சிவப்பு நூல், கேரளத்துக்கு நீலம், ஆந்திராவுக்குக் கறுப்பு. விருந்தன்று விடியற்காலையில் தேசபக்தி தலைக்கேறிவிட்டது. கடையில் மூவர்ண ரிப்பன் வாங்கி, மூன்று மஞ்சப்பைக்கும் ஒரே மாதிரி பூப்போட்டுக் கட்டிவிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் பைகளை ஏற்றிய அவள் வீட்டுக்காரர் மோசஸ் தலையைச் சொறிந்தார்.

“இன்னாமே, எது யாருதுன்னு எப்டித் தெரியும்?”

“இன்னிக்கி எல்லாம் ஒண்ணுதான்யா. சொம்மா பேசிகினு இல்லாம எடுத்துகினு போ.”

மைதானத்தில் மீன் கழுவும் பொறுப்பைச் சமைக்கும் பெண்களின் கணவன்மார்களிடம் கொடுத்திருந்தார் தீனதயாளன். அவர்கள் கைக்கு வந்த பையைப் பிரித்து, கழுவி, அவரவர் வீட்டு மசாலாவைத் தடவி, பெரிய சாதனை செய்த களைப்போடு டீ குடிக்கப் போய்விட்டார்கள். பிறகுதான் சமைக்கிறவர்கள் வந்து மூடியைத் திறந்தார்கள்.

வங்காளத்து சுதீப்தாவின் பாத்திரத்தில் வட்டத் துண்டுகள் இருந்தன, தலை இல்லை. அந்தத் தலை கேரளத்து ஜெஸ்ஸியின் மண்சட்டியில் அடங்காமல் எட்டிப் பார்த்தது. ஆந்திராவின் பத்மாவதி தனக்கு வந்த பொடித் துண்டுகளைப் பார்த்து, இது மனுஷனுக்கா பூனைக்கா என்றாள். மசாலா ஏறிவிட்டதால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

தகவல் கேட்டு ஓடி வந்த ஹெலனை மூன்று மொழியில் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. எந்த மொழியிலும் அவள் முதலில் கற்றுக்கொண்டது வசவுதான். “தப்பு என்னுதுதாம்மா” என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள். குழாய் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டாள்.

தீனதயாளன் வந்தார், கையில் மைக்கோடு. அதை அணைக்க மறந்திருந்தார்.

“ஒத்துமைன்னு விழா எடுத்தா மொத்தத்தையும் நாறடிச்சிட்டியே! குழாயும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாளைலேர்ந்து பாக்கெட் மீன் வாங்கிக்கறோம்!”

மைதானம் முழுக்கக் கேட்டது. மூன்று பெண்களும் சட்டென்று நிறுத்தினார்கள்.

“நாங்க திட்டறோம், எங்களுக்கு உரிமை இருக்கு” என்றாள் பத்மாவதி. “நடுவுல நீங்க யாரு சார்?”

சுதீப்தா கிட்டே வந்தாள். கோபத்தில் தமிழ் தடுக்கியது. “ஒன்பது வருஷம் இந்த ஊர்ல எல்லார்கிட்டயும் நான் சொல்றேன். நான் யாரு, என்ன சாப்பிடுறேன், ஏன் இப்படிச் சாப்பிடுறேன். இவங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம். நான் வந்தா அரிவாள்மனை இழுப்பாங்க. இவங்க இல்லைன்னா எனக்கு இது வேற ஊரு.”

அதையும் மைக் விடவில்லை. மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. கைதட்டல் எந்தப் பக்கம் என்று தெரியாதவரா தீனதயாளன்? தொண்டையைச் செருமிக்கொண்டு, குழாய் உறுதி என்று அதே மைக்கில் அறிவித்தார்.

கிடைத்த துண்டை வைத்தே மூன்று குழம்பும் கொதித்தன. பந்தியில் ஹெலனை நடுவில் உட்காரவைத்து, ஜெஸ்ஸி கேட்டாள்: “சேச்சி, உங்க வீட்டுக்கு எப்படி வெட்டுவீங்க?”

ஹெலனுக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் அவள் கேட்கும் கேள்வி. அவளை யாரும் கேட்டதில்லை.

“எங்க வூட்லியா? வேணான்னு வுட்டுட்டுப் போற வாலுதாம்மா வரும். அத்தப் போய் இன்னாத்த வெட்றது?”

சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூரைக்கடியில், குழாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுதீப்தா ஒரு முழுக் கொடுவா மீனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஹெலன் பழக்கத்தில் தலையைத் தனியாக எடுக்கப் போனாள்.

“எனக்கு இல்ல. உங்க வீட்டுக்கு. எப்படி வெட்டணும்?”

ஹெலன் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரிசை நீண்டது, பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு மொழியில் முணுமுணுத்தார்கள். கண் கலங்கியது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

“நடுத்துண்டு” என்றாள் கடைசியில். “நல்லா பெர்சா.”